பூட்டன் பேர் தெரியுமா? – 17: கால்டுவெல்லின் இரண்டாவது புத்தகம்

போன வாரம் மாவட்ட மேனுவல்களை அறிமுகப்படுத்திவிட்டு, இந்த வாரம் அவற்றிலுள்ள நிலவரிக் கணக்கைப் படிக்கச் சொல்லித் தருகிறேன் என்று முடித்திருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இடையில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். நிலவரிக்கு வருவோம். அதற்கு முன்னால் கால்டுவெல்லைப் பற்றி ஒரு சமாசாரம் சொல்லியாக வேண்டும். ஒரு பத்தியில் முடித்துவிடுவேன் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை.

1881ஆம் ஆண்டு ராபர்ட் கால்டுவெல்லின் இரண்டு புத்தகங்கள் வெளியாயின. இரண்டுமே திருநெல்வேலிச் சீமையைப் பற்றியவை. 1856இல் வந்த ஒப்பிலக்கணத்துக்காகத்தான் நமக்கு அவரைத் தெரியும். மெரினாவில் சிலையாக நிற்பதும் அதற்காகத்தான். ஆனால் 1841இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த அந்த மனிதர் அரை நூற்றாண்டு அந்த மண்ணோடு கிடந்தவர். கொற்கையில் தோண்டிப் பார்த்தவர். இறந்தது கொடைக்கானலில் என்றாலும் அடக்கம் இடையன்குடியில்தான். அந்தச் சீமையின் சரித்திரத்தை எழுத அன்றைக்கு அவரைவிடத் தோதான ஆள் கிடையாது. அரசாங்க அச்சகத்தில் வந்த முதல் புத்தகம் திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் வரலாறு. ஆதி காலத்தில் தொடங்கி, 1801இல் சீமை கம்பெனியின் கைக்குப் போனதோடு முடிகிறது. இரண்டாவது, திருநெல்வேலி மிஷனின் தொடக்க கால வரலாறு.

முதல் புத்தகத்தைப் பற்றித் தமிழில் நிறையப் பேசியாயிற்று. பாண்டியர், நாயக்கர், நவாப், கான் சாகிப், பூலித்தேவன், கட்டபொம்மன் என்று எல்லாரும் வருகிறார்கள். கர்னல்களும் மேஜர்களும் பேரோடும் பதவியோடும் வருகிறார்கள். உங்கள் பூட்டன் பாளையக்காரராக இருந்தால் அதில் அகப்படுவார். அவருடைய வேல்கம்புக்காரராக இருந்தால் அகப்படமாட்டார். “ஆயிரம் பேர் திரண்டார்கள்” என்ற இடத்தில் அந்த ஆயிரத்தில் ஒருவராக எங்கேயோ நிற்பார்.

இரண்டாவது புத்தகத்தை யாரும் அதிகம் தொடுவதில்லை. பாதிரிமார் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அந்தப் புத்தகம்தான். 1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையில் இருந்தவர்களின் பட்டியலைப் பற்றி அதில் கால்டுவெல் எழுதுகிறார். மொத்தம் 40 பேர். பல சாதியினர் கலந்த கூட்டம். முதல் பேரே ஒரு பெண்ணுடையது: குளோரிந்தா.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். 1780 என்றால் கட்டபொம்மன் இன்னும் பட்டத்துக்கு வரவில்லை. கம்பெனி இன்னும் நவாபுக்குக் கூலிப்படையாகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற ஒன்று இந்தியா முழுமைக்கும் வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆக வேண்டும். அந்த ஆண்டில், தெற்கே ஒரு கோட்டை ஊரில், யாரோ ஒருவர் உட்கார்ந்து 40 சாதாரண மனிதர்களைத் தனித்தனி ஆளாக எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் ஜமீன் கிடையாது, தளவாய் கிடையாது. ஒரே சீமை, ஒரே ஆசிரியர், வெளியான வருடமும் ஒன்று. ஒரு புத்தகத்தில் சாமானியனுக்குப் பேரே இல்லை. மற்றதில் அவனைத் தலை எண்ணி, சாதி கேட்டு எழுதியிருக்கிறது.

குளோரிந்தாவின் கதை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தஞ்சாவூர் மராத்தி பிராமணக் குடும்பத்து விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு சேர்ந்து வாழ்ந்தார். ஆங்கிலமும் கிறிஸ்தவமும் அவரிடம் கற்றவைதான். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார்; கல்யாணம் ஆகாமல் கூடி வாழ்கிறவருக்குக் கொடுக்க முடியாது என்றார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே ஷ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா முன்னின்று ஒரு கோயில் கட்டினார். 1785இல் அதைப் பிரதிஷ்டை செய்ததும் ஷ்வார்ட்ஸ்தான். கோயில் இன்றும் இருக்கிறது. ஊரார் வாயில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில். இந்தக் கதையைத்தான் பெருங்குளத்துக்காரரான அ.மாதவையா 1915இல் ‘கிளாரிந்தா’ என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். ஒரு ஜாபிதாவில் முதல் வரியாக நின்ற பேர் நாவல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மீதி 39 பேருக்கு மாதவையா வாய்க்கவில்லை.

அந்தக் காலத்து அதே சபையைச் சேர்ந்தவர்தான் தேவசகாயம். அவருடைய மகன் 1774இல் பிறந்தவர். 1785இல் ஷ்வார்ட்ஸ் அந்தப் பையனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார். தஞ்சையில் சரபோஜியின் காலத்தில் பேர் எடுத்த வேதநாயக சாஸ்திரியார் அவர்தான். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் தலைமுறையை விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. உள்ளூர் வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி, “என் பூட்டன் பேர் இதில் இருக்குமா?” என்பதல்ல. “இதை எழுதியவருக்கு என் பூட்டன் பேர் எதற்குத் தேவைப்பட்டிருக்கும்?” என்பதுதான். கலெக்டருக்கு வரி கட்டுகிறவனின் பேர் வேண்டும். தளபதிக்கு எதிரியின் தலைவன் பேர் போதும். பாதிரியாருக்கு ஒவ்வொரு ஆத்துமாவும் கணக்கு. மேலே அறிக்கை அனுப்ப வேண்டியவர் அவர். சம்பளம் கொடுக்கிறவருக்குச் சம்பளம் வாங்குகிறவரின் பேர் வேண்டும். உங்கள் குடும்பத்து ஆள் இவர்களில் யாருடைய கண்ணில் பட்டிருப்பார் என்று யோசித்தால், எந்தப் புத்தகத்தைத் தேடலாம், எதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது பாதிக்குமேல் தெளிந்துவிடும்.

சம்பளம் என்றதும் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வருகிறது. விஷயத்தை விட்டு விலகுகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. ராஜராஜன் அங்கே 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். அந்த 400 பேரையும் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. பேர் மட்டும் இல்லை. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அதற்கு முன் எந்த ஊர்க் கோயிலில் இருந்தாள் என்பது வரைக்கும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய விலாசம்! ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்துபோனால் அவளுக்கு அடுத்த முறைக்காரர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறது. வாரிசுச் சட்டமே உள்ளே இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் முழுவதும் அச்சாகியிருக்கிறது. பக்கம் பக்கமாகப் பெண்கள் பேர். அதே ராஜராஜனுக்கு நாற்று நட்ட பெண் ஒருத்தியின் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. அவளுக்குக் கருவூலத்திலிருந்து எதுவும் அளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, பாளையங்கோட்டைக்குத் திரும்புவோம். 1780இல் 40 பேர் என்று ஆளாளாக இருந்தவர்கள், கொஞ்ச நாளிலேயே புத்தகத்தில் எண்ணிக்கையாக மாறிவிடுகிறார்கள். 1802இல் கெரிக்கே ஐயர் தெற்கே சுற்றுப்பயணம் வந்தபோது ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. வரலாறு எழுதுகிறவருக்கு அதற்குமேல் பேர் வேண்டாம், தொகை போதும். இந்த இடத்தில்தான் வம்சாவளி தேடுகிறவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். பேர்கள் காணாமல் போகவில்லை, இடம் மாறிவிட்டன. ஒவ்வொரு சேகரத்திலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று உண்டு. எந்த ஊர் எப்போது எந்தச் சேகரத்தில் இருந்தது என்று சொல்லித் தருவதோடு புத்தகத்தின் வேலை முடிந்தது. மீதி, சேகரகுருவிடம் பணிவாகக் கேட்டு, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் உங்கள் சாமர்த்தியம்.

பதிவேட்டில் ஒரு கண்டம் உண்டு. ஞானஸ்நானத்தோடு பேரும் மாறிவிடும். அப்பன் சுடலைமுத்து, மகன் ஞானமுத்து. பாட்டன் பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நமக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எட்டாம் அத்தியாயத்தில் சொன்னேன். அந்தச் சங்கிலி இங்கே அறுந்துவிடும். அதனால் முதல் தலைமுறைப் பதிவில் பழைய பேரும் எழுதியிருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். எழுதியிருந்தால் அது பொக்கிஷம். இசக்கி, பேச்சி, மாடன், சாஸ்தா என்று எந்தத் தெய்வத்தின் பேர் என்று பார்த்தால், குலதெய்வக் கோயில் எந்தத் திசையில் இருக்கும் என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும்.

இந்தப் புத்தகத்திலிருந்து இன்னொரு லாபம் ஊர்களின் வயது. முதலூர் 1799இல் உண்டானது. டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று, துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களைக் குடியேற்றிய ஊர். டோனாவூர் ரேனியஸ் ஐயர் காலத்து ஊர். டோனா என்ற பிரஷ்ய நாட்டுப் பிரபு கொடுத்த பணத்தில் வாங்கிய நிலம். சாயர்புரத்துக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர் சாயர் என்ற வணிகர். “நாங்க எட்டுத் தலைமுறையா முதலூர்க்காரங்க, வெளியிலிருந்து வந்தவங்க இல்ல” என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். தலைமுறைக்கு இருபத்தைந்து, முப்பது வருடம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, முதல் தலைமுறை எந்த ஊரிலிருந்து அங்கே குடியேறியது என்ற அடுத்த கேள்வியை மட்டும் கேளுங்கள். அனேகமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஆச்சி அந்த ஊர்ப் பேரைச் சொல்லிவிடுவார்.

கிறிஸ்தவர்களுக்குச் சரி, எங்களுக்கு என்ன வழி என்று மற்றவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உங்களுக்குக் குலதெய்வக் கோயில் வரி நோட்டு இருக்கிறது. கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரித்த நோட்டுப் புத்தகம் எந்த மேனுவலுக்கும் குறைந்ததல்ல. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. எந்த வருடம் யார் புதுத் தலைக்கட்டாகச் சேர்ந்தார், யார் பேர் அடிக்கப்பட்டது, பட்டாளத்துக்குப் போனவருக்கு யார் வரி கட்டினார் என்று எல்லாம் அதில் இருக்கும். பெண்கள் பேர் இருக்காது. வரி கேட்கிறவனுக்கு அது தேவைப்படவில்லை. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் கல்யாண தப்தர் உண்டு. மஹர் தொகையோடு, சாட்சிகளின் பேரோடு. அந்தச் சாட்சிகளை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

விழா மலர்களைப் பற்றி இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதவே இல்லை என்பது ஆச்சரியம். அதற்கு முன் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வருவோம். அமெரிக்காவில் 1876இல் நாட்டின் நூற்றாண்டு விழாவையொட்டி ஒவ்வொரு கவுண்டிக்கும் வரலாறு எழுதும் ஆசை கிளம்பியது. அதைச் சில பதிப்பகங்கள் வியாபாரமாக்கின. ஏஜெண்டு வீடு வீடாகப் போவார். புத்தகத்துக்கு முன்பணம் கட்டினால் உங்கள் வாழ்க்கை வரலாறு உள்ளே வரும். கூடுதலாகக் கொடுத்தால் படமும் வரும். அதனால் அந்தப் புத்தகங்களில் எல்லாருமே உத்தமர்கள், உழைப்பால் உயர்ந்தவர்கள். கடன்காரனும் குடிகாரனும் ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் அங்கே வம்சாவளி தேடுகிறவர்கள் முதலில் ஓடுவது அவற்றை நோக்கித்தான். புகழ்ச்சியை வடிகட்டிவிட்டால் பிறந்த ஊர், பெண் எடுத்த வீடு, குடிபெயர்ந்த வருடம் எல்லாம் அடியில் தங்கும்.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்தவை மலர்கள். பள்ளிக்கூட நூற்றாண்டு விழா மலர், கும்பாபிஷேக மலர், சங்க மாநாட்டு மலர், வியாபாரிகள் சங்கப் பொன்விழா மலர். திருச்செந்தூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு தகரப்பெட்டி நிறைய இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் நான் வாழ்த்துரைகளைத் தாண்டிக் கட்டுரைகளுக்குப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. கடைசியில விளம்பரப் பக்கம் இருக்கே, அதைப் பாத்தீயளா?”

“விளம்பரத்துல என்ன அய்யா இருக்கப் போவுது?”

“கட்டுரை எழுதினவரு சோழன், பாண்டியன்னு போயிருவாரு. விளம்பரம் கொடுத்தவன்தான் உள்ளூர்க்காரன். பேரை வாசிங்க.”

வாசித்தேன். பலசரக்கு மண்டி, அதற்குக் கீழே உரிமையாளர்களாக அண்ணன் தம்பி நால்வர் பேர், தகப்பனார் பேர், பூர்வீகம், பம்பாயில் கிளை. அடுத்த பக்கத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் “என் தாயார் நினைவாக” என்று தாயார் பேரையும் இறந்த தேதியையும் போட்டு வகுப்பறை கட்டிக்கொடுத்த விவரம். மேனுவல்காரர் எழுதாத பெண்கள் பேர் நன்கொடைப் பக்கத்தில் வந்துவிடுகிறது. டியூப்லைட்டில் வெளிச்சம் மறையும்படி உபயம் எழுதுகிறோம் என்று நம்மை நாமே கேலி செய்துகொள்கிறோமே, அந்த எழுத்துதான் இன்னும் நூறு வருடம் கழித்து ஒரு பேத்திக்கு ஆதாரம். எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். கூடவே வருடத்தையும் போடுங்கள்.

யாழ்ப்பாணத்தார் இதில் நம்மைவிட ஒரு படி மேல். அங்கே அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரில் இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றோடு வம்சாவளியையே மரமாக வரைந்து போடுகிறார்கள். நூலகம் இணையத்தளத்தில் இப்படிப்பட்ட மலர்கள் நிறையக் கிடைக்கின்றன. அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் டச்சுக்காரர் எழுதி வைத்த தோம்புகள் உண்டு. நிலம் வைத்திருந்த குடும்பங்களின் கணக்கு. ‘யாழ்ப்பாண வைபவமாலை’கூட 1736இல் மயில்வாகனப் புலவர் ஒரு டச்சு அதிகாரி கேட்டதற்காக எழுதிக் கொடுத்ததுதான். யாருக்கு எதற்குத் தேவைப்பட்டது என்ற அதே கேள்வியை அங்கேயும் கேட்கலாம்.

வாசகர் கடிதங்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற கடிதங்களில் பாதி, “நாங்கள் ஆண்ட பரம்பரை, அதற்கு ஆதாரம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்று கேட்கிறவை. எல்லாரும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டவர்கள் யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது இருக்கட்டும். இன்னொரு வகைக் கடிதம் இதைவிடச் சுவாரசியமானது. “அரசன் எங்கள் குலத்துப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்து தெற்கே வந்தோம். வழியில் ஆறு குறுக்கிட்டது.” இதை எழுதுகிறவர்கள் ஒரு சமூகத்தவர் மட்டும் இல்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்ற நூலில், ரங்காச்சாரியின் துணையோடு அவர் திரட்டிய கதைகளில், தொட்டிய நாயக்கர்களுக்கு இதே கதை இருக்கிறது; ஆற்றின் இரு கரையிலும் நின்ற பொங்க மரங்கள் வளைந்து பாலமாயின, அதனால் அந்த மரம் அவர்களுக்குத் தெய்வம். கி.ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் இந்த மாதிரிக் கதையைத்தான் எடுத்து ஆண்டார். நகரத்தார் மரபுக் கதையிலும் பூம்புகாரை விட்டதற்குச் சோழ அரசனின் அடாவடி காரணமாக வருகிறது. கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது ஒரு பெருங்கூட்டம் இடம்பெயர்ந்ததற்குச் சாட்சி, வடக்கிலிருந்து வந்தார்களா மேற்கிலிருந்து வந்தார்களா என்பதற்கும் சாட்சி. உங்கள் சொந்தப் பூட்டன் அந்த ஆற்றைத் தாண்டினாரா என்பதற்கு மட்டும் அது சாட்சி இல்லை.

புத்தகத்தில் அச்சாகிவிட்டால் உண்மை என்று நினைப்பவர்களுக்கும் கால்டுவெல்லையே காட்டுகிறேன். 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். மிஷனுக்கு இங்கிலாந்தில் ஆதரவு திரட்டும் நோக்கம் அதில் இருந்தது. சமூகத்தைத் தாழ்த்தி எழுதியிருக்கிறார், பூர்வீகம் இலங்கை என்கிறார் என்று பின்னால் அந்தச் சமூகத்தின் படித்த தலைமுறையே கொதித்து எழுந்தது. அவர் இடையன்குடியில் யாரோடு வாழ்ந்தாரோ அவர்களைப் பற்றித்தான் எழுதினார். அப்படியும் அது நடந்தது. ஆக, ஒரு ஊரில் ஒருவர் எத்தனை காலம் இருந்தார் என்பதோடு, அந்தப் பக்கத்தை யார் படிப்பதற்காக எழுதினார் என்பதையும் பாருங்கள்.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் அங்கே வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். 1799லும் 1801லும் கோட்டையைத் தாக்கி மாண்டவர்கள். ஜூலியன் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை எல்லாம் திரட்டி ஒரு புத்தகமே போட்டார். ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டு வந்தால், அந்தப் புத்தகத்தைப் பிரித்து நேராகக் கல்லறைக்குப் போய் நிற்கலாம். கோட்டைக்கு உள்ளே இருந்து சண்டை போட்டவர்களின் கொள்ளுப்பேரன்களுக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது. கதைப்பாடல்களைத்தான் துழாவ வேண்டும். அவற்றைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதுகிறேன்.

நிலவரி! மறக்கவில்லை. ஆனால் பக்கம் தீர்ந்துகொண்டு வருகிறது. ஆசிரியரின் போன் வேறு இரண்டு தரம் அடித்து ஓய்ந்துவிட்டது. எனவே அதற்கு வேண்டிய ஆயத்தத்தை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

முதலில், உங்கள் ஊர் அன்று எந்த மாவட்டம் என்று பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் விருதுநகர் மாவட்ட வரலாற்றில் பழைய கணக்கைத் தேடினால் கிடைக்காது. 1910 வரை அது திருநெல்வேலி மாவட்டம். 1879இல் ஸ்டூவர்ட் எழுதிய திருநெல்வேலி மேனுவலில் பார்க்க வேண்டும். 1910க்குப் பிறகு ராமநாதபுரம். 1985இல்தான் இன்றைய மாவட்டம். பேட் 1917இல் எழுதிய திருநெல்வேலி கெஸட்டியரில் ஆண்டாள் கோயிலைத் தேடி ஏமாறுகிறவர்கள் இன்னும் உண்டு. தூத்துக்குடிக்காரர்கள் 1986 வரைக்கும், தென்காசிக்காரர்கள் 2019 வரைக்கும் திருநெல்வேலிக் கணக்கிலேயே இருந்தார்கள் என்பதால் அவர்களுக்குச் சிரமம் குறைவு. தாலுகாவும் மாறும். ஸ்டூவர்ட் காலத்தில் தென்கரை என்று ஒரு தாலுகா இருந்தது. இன்று அந்தப் பேரில் தாலுகா இல்லை, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்ப் பக்கத்து ஊர்களை எல்லாம் அதற்குள் தேடுங்கள்.

அடுத்து, பழைய புத்தகத்தின் பொருளடைவில் ஊர்ப் பேர் ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் சிதைந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையைப் ‘பாலம்காட்டா’ என்று எழுதியவர்கள் உங்கள் ஊரைச் சும்மா விட்டிருக்கமாட்டார்கள். மேனுவல்களும் கெஸட்டியர்களும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் உண்டு. பலவும் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன.

மூன்றாவது, வீட்டில் இருக்கும் கிரயப் பத்திரங்களில் மிகப் பழையதை எடுத்து வையுங்கள். பட்டா போதாது. பத்திரத்தின் கடைசிப் பகுதியில் செக்குபந்தி என்று நான்கெல்லை விவரம் இருக்கும். இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு என்று. விற்றவர், வாங்கியவர் பேரை எல்லாரும் பார்க்கிறார்கள். எல்லையில் நிற்கிற அந்த நாலு பேரைத்தான் அடுத்த வாரம் விசாரிக்கப் போகிறோம். ஒரே பாட்டன் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டவர்கள் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் வயலுக்குக் கிழக்கே யார் வயல் என்று அதற்குள் பார்த்து வையுங்கள்.

(தொடரும்)